தொட்டு விளையாட ஒரு திடல்

2022 ஜூன் 13-ஆம் தேதி பள்ளிகள் திறக்கின்றன. சீருடை தைத்தாகிவிட்டதா, பஸ் பாஸ் எப்போது வரும், புத்தகம் முதல் நாளே கிடைக்குமா என்று வீடுகளில் பேச்சு நடக்கிறது. இரண்டு ஆண்டுகளில் பிள்ளைகள் மறந்துபோன பாடத்தை எப்படி ஈடுகட்டுவது என்று அரசும் ஆசிரியர்களும் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் ஓர் இழப்பைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. நம் பிள்ளைகள் இரண்டு ஆண்டு விளையாட்டை இழந்திருக்கிறார்கள். காலனிப் பிள்ளைகளுக்கு விளையாடும் இடமே பறிபோயிருந்தது. அந்தக் கணக்கைத்தான் இந்த வாரம் எடுத்துப் பார்க்கிறோம்.

2020 மார்ச் மாத நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. 2021 ஜனவரி 19-இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளும் பிப்ரவரி 8-இல் ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகளும் திறந்தன. மார்ச் 22-இல் ஒன்பது முதல் பதினொன்று வரை மறுபடியும் பூட்டு. செப்டம்பர் 1-இல்தான் உயர் வகுப்புகள் மீண்டும் திறந்தன. ஒன்று முதல் எட்டு வரையிலான பிள்ளைகள் பள்ளி வாசலை மிதித்தது 2021 நவம்பர் 1 அன்று. பத்தொன்பது மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. 2022 ஜனவரியில் மீண்டும் மூடி, பிப்ரவரியில் திறந்தார்கள்.

2020-இல் ஐந்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண் குழந்தையை எண்ணிப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் அவள் வகுப்பறையையே பார்க்கவில்லை. ஏழாம் வகுப்பில் பாதி ஆண்டு முகக்கவசம் போட்டு, இடம்விட்டு உட்கார்ந்தாள். இப்போது எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். நடுநிலைப் பள்ளியில் ஒரு விளையாட்டு விழாவையும் அவள் கண்டதில்லை. தன் கால் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது அவளுக்கே தெரியாது.

பாடத்துக்கு மாற்று வழி தேடினோம். கல்வித் தொலைக்காட்சி வந்தது. கைப்பேசியில் பாடம் வந்தது. கைப்பேசி இல்லாத வீடுகளும் ரீசார்ஜ் செய்யக் காசில்லாத வீடுகளும் அதிலும் பின்தங்கின. பிறகு 2021 அக்டோபர் 27-இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. அது தொடங்கிய இடமே நம் விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் அருகே உள்ள முதலியார்குப்பம். அந்தத் திட்டத்தால் நம் தெருத் திண்ணைகளில் பிள்ளைகள் மீண்டும் வாசித்தார்கள், வரவேற்றோம். ஆனால் விளையாட்டு எந்த இல்லத்தையும் தேடி வரவில்லை. நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளைகள் திரையைப் பார்த்து வீட்டுக் கூடத்தில் யோகா செய்தார்கள். ஒரே அறையில் ஆறு பேர் படுத்து எழும் வீட்டில் அதற்கும் வழியில்லை.

இதில் சாதி எங்கே வந்தது என்று சிலர் கேட்கலாம். எங்கே வந்தது என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர். மாநில அளவில் இது 20. ஆனால் பொது நிலத்தில் நம் பங்கு என்ன? பெரும்பாலான ஊர்களில் கோயில் திடல் ஊர்த்தெருவில் இருக்கிறது. களத்துமேடு ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது. மந்தைவெளியில் கொட்டகையோ வேலியோ வந்துவிட்டது. காலனியில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் இருப்பது ஒரு சந்து. நம் பையன்கள் ஊர்த் திடலில் ஸ்டம்பு நட்டால், “உங்க தெருவுல போய் ஆடுங்கடா” என்று ஒரு குரல் வரும். பொங்கல் விளையாட்டுப் போட்டியில் நம் அணியைச் சேர்க்கலாமா என்பதற்கே பஞ்சாயத்து நடந்த ஊர்கள் உண்டு.

ஆகவே காலனிப் பிள்ளைக்கு உரிமையோடு கால் வைக்கக் கிடைக்கும் ஒரே திடல் பள்ளித் திடல்தான். அது யாருக்கும் பரம்பரைச் சொத்தல்ல. அங்கே யார் முன்னால் ஓடுகிறாரோ அவரே முதலாவது. அந்தக் கேட்டுக்குத்தான் பத்தொன்பது மாதம் பூட்டு. ஊர்ப் பிள்ளைக்கு அது பல இடங்களில் ஓர் இடம். நம் பிள்ளைக்கு இருந்ததே அந்த ஓர் இடம். நோய் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் வந்தது. பூட்டின் பாரம் எல்லோருக்கும் ஒன்றாக விழவில்லை.

அந்த நாட்களில் ‘சமூக இடைவெளி’ என்ற சொல் ஊரெங்கும் ஒலித்தது. நோய்க்கு எதிராக உடல் விலகி நிற்பது தேவைதான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டபோது நம் பெரியவர்கள் கசப்போடு சிரித்தார்கள். தள்ளி நில், தொடாதே, தனிக் குவளையில் குடி என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட காதுகள் அவை. ‘உடல் இடைவெளி’ என்று சொல்லியிருந்தாலே போதும். நோய் போனதும் அந்த இடைவெளியும் போய்விட வேண்டும். போயிற்றா என்பதை எங்கே பார்ப்பது? கபடித் திடலில் பார்க்கலாம்.

கபடி தொட்டு ஆடும் ஆட்டம். பாடிப் போகிறவர் எதிரணியில் ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். பிடிக்கிறவர் காலைக் கட்டிப் பிடிக்க வேண்டும். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துக்கொண்டு நின்றால் புள்ளி போய்விடும். தொடக்கூடாது என்று ஊர் வகுத்த விதியை, தொட்டே ஆக வேண்டும் என்ற விதியால் உடைக்கும் ஆட்டம் இது. இரண்டு ஆண்டுகள் நின்றுபோனது இந்தப் பழக்கம். பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஒருவரையொருவர் தொட்டு விளையாடிய பிள்ளைகள், வளர்ந்த பிறகு விலகி நிற்கச் சற்றுத் தயங்குவார்கள். அந்த வயதைத் தெருவுக்குள்ளேயே கழித்த பிள்ளைகள் தெருவின் கண்ணோடுதான் பள்ளிக்குத் திரும்பி வருகிறார்கள்.

திடல் மட்டும் போதும் என்று நாம் ஏமாறவும் இல்லை. நூறாண்டுகளுக்கு முன்பு பல்வங்கர் பாலு என்ற தலித் பந்து வீச்சாளர் இருந்தார். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதான வேலை பார்த்துக்கொண்டே அவர்களுக்குப் பந்து வீசியவர். பின்னர் இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் எடுத்த விக்கெட்டுகள் வேண்டியிருந்தன. ஆனால் தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் அரங்குக்கு வெளியே மண் குவளையில் தேநீர். 1911-இல் இந்திய அணியோடு இங்கிலாந்து சென்று நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவர். அவ்வளவு திறமை இருந்தும் அவர் அந்த அணிக்குத் தலைவராக ஆக்கப்படவில்லை. அவருடைய தம்பி விட்டல்தான் 1923-இல் அந்த இடத்துக்கு வர முடிந்தது.

இது பழைய கதை என்று தள்ளவும் முடியாது. கொரோனா காலத்திலேயே நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் அப்படி அடித்த முதல் இந்தியப் பெண் அவர். சில நாட்களில் அரையிறுதியில் இந்தியா தோற்றது. உடனே ஹரித்துவார் அருகே அவர் வீட்டு முன்பு பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினார்கள் என்று குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள்; வழக்கும் பதிவானது. வென்றால் நாட்டின் மகள், தோற்றால் சாதிப் பெயர். இதை மாற்றும் வேலை ஒலிம்பிக்கில் தொடங்காது. ஆறாம் வகுப்பின் பி.டி. பீரியடில்தான் தொடங்க வேண்டும்.

விளையாட்டு வெறும் பொழுதுபோக்கும் அல்ல. கிராமத்துப் பிள்ளைக்கு அது ஓர் ஏணி. குறுவட்டப் போட்டியில் வென்றால் மாவட்டம், மாவட்டத்தில் வென்றால் மாநிலம், அங்கிருந்து தேசியப் பள்ளி விளையாட்டு. குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள், பாரதியார் தினப் போட்டிகள் என்று ஆண்டுதோறும் படிகள் உண்டு. அங்கே கிடைக்கும் சான்றிதழ் கல்லூரிச் சேர்க்கைக்குப் பயன்படுகிறது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 10 விழுக்காடு இருக்கிறது. ஒதுக்கீட்டுக்கு வெளியே நின்றாலும், காவலர் தேர்வுக்குப் போகும் இளைஞன் 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடியாக வேண்டும். விடியற்காலையில் திண்டிவனம் சாலை ஓரத்தில் லாரிகளுக்கு ஒதுங்கி ஓடுகிற நம் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். திடல் இல்லாததால்தான் தார்ச்சாலையில் ஓடுகிறார்கள்.

2020-21, 2021-22 ஆகிய இரண்டு கல்வியாண்டுகளில் தேசியப் பள்ளி விளையாட்டுகள் நடக்கவில்லை. ஏணியில் இரண்டு படிகள் இல்லை. அந்த ஆண்டுகளில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளை, தன் கடைசி வாய்ப்பைக் கண்ணால் காணாமலே பள்ளியை விட்டு வெளியேறிவிட்டது. வசதியான வீட்டுப் பிள்ளைக்குத் தனிப் பயிற்சியாளர் இருக்கிறார், கிளப் இருக்கிறது, நகரத்தில் அகாடமி இருக்கிறது. நம் பிள்ளைக்குப் பள்ளிதான் கிளப், பி.டி. சார்தான் அகாடமி.

மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணியை எல்லோருக்கும் தெரியும். தாய் தந்தையை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டு, டோக்கியோவில் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடியவர். மாணவியாக இருந்தபோது ஒரு போட்டியில் வெறுங்காலுடன் ஓடிய அவரை ஒரு பயிற்சியாளர் கண்டுகொண்டார். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016-இல் பாராலிம்பிக் தங்கமும் டோக்கியோவில் வெள்ளியும் வென்றார். அவரை முதலில் ஊக்கப்படுத்தியவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். இருவருடைய கதையிலும் ஒரு பொது அம்சம் உண்டு: ஒரு பிள்ளை ஓடியது, ஒரு பெரியவர் பார்த்தார். 2020-இலும் 2021-இலும் பிள்ளைகள் ஓடவில்லை, பார்க்கவும் யாருமில்லை. எத்தனை ரேவதிகள் அந்த இரண்டு ஆண்டில் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் மல்லாட்டைக் கொல்லையிலும் வேலைக்குப் போனார்கள் என்ற கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். பையன்களாவது ஏரிக்கரையில், சாலையோரத்தில் எப்படியோ பந்தைத் தட்டினார்கள். பெண் பிள்ளை வீட்டுக்குள் அடைந்தாள். தம்பி தங்கையைப் பார்த்தாள், தண்ணீர் எடுத்தாள், சிலருக்குப் பதினெட்டு வயதுக்கு முன்பே மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார்கள். அந்த இரண்டு ஆண்டில் வயதுக்கு வந்த பெண்ணை இனிமேல் ‘கால்சட்டை போட்டு ஓட விடமாட்டோம்’ என்கிற வீடுகள் இருக்கின்றன. அவளை மீண்டும் திடலுக்குக் கொண்டுவருவதற்கு அறிவிப்புப் பலகை போதாது. ஆசிரியர் வீடு தேடிப் போக வேண்டும்.

எதிர்வாதத்தையும் கேட்போம். “எழுத்துக் கூட்டிப் படிக்கவே தெரியவில்லை; இதில் விளையாட்டு எதற்கு?” என்று ஆசிரியர்கள் சிலர் கேட்கிறார்கள். “விளையாட்டு சோறு போடுமா?” என்று நம் வீட்டுப் பெற்றோரே கேட்கிறார்கள். பாடம் முக்கியம் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. கல்வியே நம் ஆயுதம் என்று அண்ணல் வழியில் வந்தவர்கள் நாம். ஆனால் விளையாட்டு பீரியடைக் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் கடன் வாங்குவதால் பாடம் ஏறிவிடாது. உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது. உடல் அசையாத பிள்ளைக்கு மனமும் சோர்கிறது. இரண்டு ஆண்டு கூலிக்குப் போய்க் கையில் காசு பார்த்த பையனை, விட்டுப்போன பாடத்தின் பெயரைச் சொல்லி மட்டும் வகுப்பில் உட்கார வைக்க முடியுமா? மாலையில் வாலிபால் உண்டு என்றால் அவன் வருவான். வந்தவனுக்குப் பாடமும் நடத்தலாம். வராதவனுக்கு எதை நடத்துவது?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. விளையாட்டுப் பொருள்கள் தர வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருள்களுக்கென்று ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாய், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை ஒதுக்க வழி உண்டு. உங்கள் பள்ளியில் அந்தப் பந்து எங்கே, அந்த வலை எங்கே என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

இப்போது நாம் கேட்பவை இவை.

ஒன்று: விளையாட்டு பீரியடை வேறு பாடத்துக்கு எடுக்கக்கூடாது என்று மாவட்டக் கல்வி நிர்வாகம் எழுத்தில் உத்தரவிட வேண்டும்.

இரண்டு: ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் மாநிலம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. பெரும்பகுதி தொடக்கப் பள்ளிகள். அங்கே உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே கிடையாது. அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் வாரம் ஒரு நாளாவது அங்கே செல்ல ஏற்பாடு வேண்டும். நலத்துறை விடுதிகளுக்கும் விளையாட இடமும் பொருளும் தர வேண்டும்.

மூன்று: மாலையிலும் விடுமுறையிலும் அரசுப் பள்ளித் திடல்களைக் கிராமப் பிள்ளைகள் அனைவருக்கும் திறந்துவிட வேண்டும். பாதுகாப்புக்கு ஊராட்சி பொறுப்பேற்கலாம்.

நான்கு: போட்டிகள் நடக்காத இரண்டு ஆண்டுகளுக்கு ஈடாகப் பள்ளிப் போட்டிகளின் வயது வரம்பிலும், சேர்க்கை மற்றும் வேலைக்கான சான்றிதழ்க் கால வரம்பிலும் தளர்வு தர வேண்டும்.

ஐந்து: பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்றத் தனி அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, நாப்கின், போட்டிக்குச் சென்று வர பயணச் செலவு ஆகியவற்றை உறுதி செய்ய வேண்டும்.

ஆறு: அணி பிரிக்கும்போது தெருவாரியாகவோ கூட்டாளிவாரியாகவோ விடாமல், சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும். இதற்கு அரசு ஒரு காசும் செலவழிக்க வேண்டாம். ஆசிரியருக்கு மனம் இருந்தால் போதும்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு ஆண்டு ஓடாத பிள்ளையை முதல் வாரமே பந்தயத்துக்கு நிறுத்தாதீர்கள். நடை, மெல்லோட்டம், பிறகு ஆட்டம் என்று படிப்படியாகக் கொண்டு போங்கள். கொரோனா வந்து போன பிள்ளைக்கு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ மருத்துவரிடம் காட்டிய பிறகே விளையாட விடுங்கள். காலை உணவு சாப்பிட்டு வந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள்.

பெற்றோருக்கு: அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் 2022-இல் மறுகட்டமைப்பு செய்யப்பட்டன. சட்டப்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு அவர்கள் பிள்ளைகளின் விகிதப்படி இடம். கூலிக்குப் போகும் நாளென்று கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். அக்காமார்களே, அண்ணன்மார்களே, அந்த ஒரு நாள் போய் உட்காருங்கள். கழிப்பறை, குடிநீரோடு சேர்த்துத் திடலைப் பற்றியும் கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுத வையுங்கள். அடுத்த கூட்டத்தில் அதே பக்கத்தைத் திருப்பிக் காட்டிக் கேளுங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டு ஆண்டு போய்விட்டது, இனி நமக்கு எங்கே என்று எண்ணிவிடாதீர்கள். கால் மறந்திருக்கலாம், நாள்தோறும் ஓடினால் நினைவுக்கு வரும். திடலுக்குத் தயங்கித் தயங்கிப் போக வேண்டாம். அது யாரும் உங்களுக்கு இரவல் கொடுத்த இடமல்ல. எதிரணியில் நிற்கிறவன் எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் அவனைத் தொடுங்கள். அவனும் உங்களைத் தொடட்டும். ஆட்டம் முடிந்ததும் ஒரே குழாயில் தண்ணீர் குடியுங்கள்.

13-ஆம் தேதி பள்ளிக் கேட்டு திறக்கும். அதோடு விளையாட்டு அறையின் பூட்டையும் திறக்க வேண்டும். முதல் நாளே கபடித் திடலுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுங்கள் என்று தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். போட்டார்களா என்று பார்த்து வருவோம். போடாத இடங்களில் மறுபடியும் கேட்போம்.